வள்ளிப்பிள்ளையின் கல்

1

லண்டனிலும் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் என் கண்ணை நம்பாமல்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

பிக்கடிலி என்று ஒரு வீதி. ஒரு கரையில் பணக்காரர் தங்கும் விடுதிகள், மறு கரையில் பெரிய பூங்கா. நான் துப்புரவு வேலை செய்யும் அலுவலகம் அந்தப் பக்கம்தான். வழக்கமான பஸ் அன்றைக்கு வராததால் வேறொன்றில் ஏறி மேல்தட்டில் இருந்தேன். நடைபாதை விளிம்பில் இரண்டு இரும்புக் கால், அவற்றின் மேல் குறுக்கே தடித்த ஒரு பலகை, ஏறக்குறைய ஓர் ஆளின் தோள் உயரம். அதில் இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. சனம் அதைக் கடந்து போகிறது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவளுக்குப் பார்த்தவுடன் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

அடுத்த தரிப்பில் இறங்கி ஓடிவந்து தொட்டுப் பார்த்தேன். அதில் ஒரு தகடு இருந்தது. என்னுடைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூட்டை சுமக்கிறவர்கள் பாரத்தை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்காகப் போன நூற்றாண்டில் ஊர்ச்சபை வைத்ததாம். பழைய காலத்தின் எச்சமாம், இதைக் காப்பாற்றப் பொதுமக்கள் உதவவேண்டுமாம். லண்டனில் மூட்டை சுமக்கிற மனுசர் இல்லாமற் போய் எவ்வளவு காலம்! ஒருவருக்கும் பயன்படாத பலகைக்கு வர்ணம் பூசி, தகடு அடித்து, காப்பாற்றச் சொல்லிக் கேட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேலைக்குப் பிந்திப் போய் மேற்பார்வைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுகூட அந்த எரிச்சலில் உறைக்கவில்லை.

ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வளவு மூலையில் நின்ற சுமைதாங்கியின் மேற்கல் தொண்ணூறாம் ஆண்டு காணாமற் போனது. காணாமற் போன பிறகும் அந்தக் கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று என் அம்மா குண்டுவீச்சுக்கு நடுவில் தனியே இருந்தார். அவரைக் கூப்பிட்டெடுக்க நான் பட்ட பாடு பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

2

முதலில் அந்தக் கல் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அம்மா இரண்டாம் தாரம். முதல் மனைவியின் பெயர் வள்ளிப்பிள்ளை. வயிற்றில் பிள்ளையோடு, நிறைமாதத்தில் செத்துப்போனார். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சி பாரம் இறங்காமல் செத்தால் அவள் பேரில் தெருவோரம் ஒரு சுமைதாங்கி வைப்பார்கள். வழியால் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கும்போதெல்லாம் செத்தவளின் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. அநேகமானவை சுண்ணக்கல்லால் கட்டிச் சாந்து பூசியவை. அப்பா மட்டும் இந்தியாவிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வந்த தோணி ஒன்றில் கருங்கல் இறக்குவித்தார். யாழ்ப்பாணத்து மண்ணில் கருங்கல் எங்கே இருக்கிறது? இரண்டு கல் நட்டு, மேலே நீளப் பலகைபோல் ஒரு கல்லைப் படுக்கவைத்து, அதன் ஒரு பக்கத்தில் பெயரை வெட்டுவித்தார்.

பிறகு அம்மா கலியாணம் முடித்து வந்தார். வந்தவர் அந்தக் கல்லைப் பார்த்து முகம் சுளித்திருந்தால் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா அதை "அக்காவின்ரை கல்" என்று சொல்லப் பழகினார். எங்களுக்கு அது பெரியம்மாவின் கல். பங்குனி வெயிலில் வரும் பெரியம்மாவின் திவசத்தன்று அம்மா ஒரு பானை மோருக்குப் பச்சைமிளகாயும் வெங்காயமும் வெட்டிப்போட்டு, தேசியிலை கசக்கிப்போட்டு, கல்லடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்பார். தொண்டைமானாற்றிலிருந்து மீன்கடகத்தோடு வருகிற பெண்கள், உடுப்பிட்டிப் பக்கமிருந்து வெங்காயம் சுமந்து வருகிறவர்கள், எல்லோரும் பாரத்தை இறக்கிவிட்டு ஒரு செம்பு மோர் குடித்துப் போவார்கள். பக்கத்தில் இருந்த மடத்துக்குள் சில சனத்தை ஏறவிடாத காலம் அது. கல்லில் பாரம் வைக்க மட்டும் ஒருவரும் ஒருவரையும் சாதி கேட்கவில்லை.

கல்லோடு சேர்ந்து மூன்று சாமான்கள் இருந்தன. அந்த மடம், அதன் முன்னால் படி இறங்கும் கேணி, கேணிக்கரையில் மாடு தேகத்தை உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கல். யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிற சாமானைப்பற்றி யார் விசாரிப்பார்கள்?

3

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலிலும் லொறியிலும் சனம் வந்து இறங்கியது. அப்படி வந்தவர்களில் செல்லத்துரை அண்ணையும் ஒருவர். என் பெரியப்பாவின் மகன். கொழும்பில் அவருடைய கடையை எரித்துவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு மனுசியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் அவருக்கென்று மிஞ்சி இருந்தது எங்கள் வளவோடு ஒட்டிய, பரம்பரையாக வந்த முதுசக் காணி மட்டும்தான். மடமும் கேணியும் அதற்குள் வந்தன.

வந்து இறங்கிய எல்லோருக்கும் வீடு கட்ட நிலம் வேண்டும். தெருக்கரைக் காணிக்கு விலை ஏறுகிறது. மனுசன் என்ன செய்வார்? காணியைப் பரப்புப் பரப்பாகத் துண்டு போட்டார். மடத்துக் கல்லுகள் நாலு வீட்டு அத்திவாரத்துக்குள் போயின. கேணியைப் பனையோலையும் மண்ணும் குப்பையும் போட்டு மூடினார்கள். அந்த இடத்தில் ஒருவர் கக்கூசுக்குழி வெட்டினார். ஆவுரஞ்சிக் கல் இன்னொருவர் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகியது. இதெல்லாம் ஒரு வருசத்துக்குள். நான் அப்போது கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். பக்கத்தில் மண் கொட்டுகிற சத்தத்துக்குப் பிள்ளை நித்திரை கொள்ளாது என்று சண்டைக்குப் போனேனே தவிர, மூடுகிறார்களே என்று நான்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருந்தது.

கடைசியாகச் சுமைதாங்கியில் வந்து முட்டியது. துண்டு போட்ட காணிகளுக்குப் போக ஓர் ஒழுங்கை வேண்டும். அது தெருவில் ஏறுகிற இடத்தில் நேர் நடுவில் பெரியம்மாவின் கல். செல்லத்துரை அண்ணை அம்மாவிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"சின்னம்மா, அதை ஒரு பக்கமா நகர்த்தி நடுவம். கல்லுத்தானே."

அம்மா பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தவர் தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "பாரத்தோடை வாறவள் கல் எங்கை எங்கையெண்டு தேடித் திரியக்கூடாது தம்பி. அது நிண்ட இடத்திலை நிக்கட்டும்."

அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். ஒழுங்கை கல்லைச் சுற்றி வளைந்தது. இன்றைக்கும் அந்த வளைவு கிடக்கிறதாம். லொறிக்காரர் எல்லோரும் அம்மாவைத் திட்டிக்கொண்டுதான் அதில் திரும்புவார்கள்.

அடுத்த வருசம் கொழும்பிலிருந்து ஒரு வான் வந்து ஊருக்குள் திரியத் தொடங்கியது. அதில் ஒருவர், வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பழைய பித்தளை விளக்கு, பெட்டகம், செப்புக்காசு, கதவுநிலை எல்லாம் வாங்குவார். கொழும்பில் பங்களா வைத்திருக்கிறவர்களும் வெளிநாட்டுக்காரரும் அலங்காரத்துக்கு வாங்குகிறார்களாம். சனமும் கொண்டுபோய்க் கொடுத்தது. வெளிநாட்டுப் பயணக் காசுக்குப் பெட்டகத்தை விற்ற வீடு ஒன்றா இரண்டா! அவர் எங்கள் கல்லடியிலும் நின்று, பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, விலை கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். விலை சொல்லவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. கொழும்பான் விலை கேட்டான் என்றால் அதற்குள் ஏதோ இருக்கவேண்டும் என்று ஊர் கதைக்கத் தொடங்கியது. வள்ளிப்பிள்ளையின் தாலிக்கொடியைக் கழற்றிக் கல்லுக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள் என்று யாரோ கட்டிவிட்டார்கள். ஒரு நாள் விடியப் போய்ப் பார்த்தால் மேற்கல் தெருவில் குப்புறக் கிடக்கிறது, நட்ட கல் இரண்டும் சரிந்துபோய் நடுவில் ஆளளவு கிடங்கு. கிடங்குக்குள் ஒரு சின்ன மண்முட்டி உடைந்து கிடந்தது. அதற்குள் கல் நடும்போது போட்ட நவதானியம் மண்ணோடு மண்ணாகி, பாசி பிடித்த ஒரு சல்லிக்காசு. கிண்டினவர்கள் அதை எடுக்காமலே போய்விட்டார்கள்.

அம்மா கிடங்கு விளிம்பில் குந்தி இருந்து அழுதார். அப்பா செத்தபோதுகூட அம்மா அப்படி அழுது நான் காணவில்லை. "இறக்கின பாரத்தைத் திருப்பித் தலையிலை ஏத்திவிட்டிட்டாங்கள்" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி மேசனைக் கூப்பிட்டு, புது முட்டிக்குள் அதே சல்லிக்காசைப் போட்டு, கல்லைத் திரும்ப நிமிர்த்தினார். அந்தப் பங்குனியில் மோர் இரண்டு பானை.

கிண்டியது யார் என்று கடைசிவரை தெரியாது. நான் செல்லத்துரை அண்ணையைத்தான் சந்தேகப்பட்டேன். கல் விழுந்தால் ஒழுங்கை நேராகும் அல்லவா? அந்தச் சந்தேகத்தோடுதான் எண்பத்தாறில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, முன்னரே லண்டன் போயிருந்த இவரிடம், என் மனுசனிடம், வந்து சேர்ந்தேன்.

4

தொண்ணூறின் கடைசியில் ஊரிலிருந்து வந்த ஒருவர் ஒரு கலியாண வீட்டில் என்னைக் கண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், உங்கள் சுமைதாங்கியில் இப்போது கால் இரண்டும்தான் நிற்கிறது, மேற்கல்லைக் காணவில்லை என்று. நான் அப்படியே இலையை மூடிவிட்டு எழும்பினேன். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். கடிதம் எழுதி அம்மாவைக் கேட்டேன். மாதங்கள் கழித்து நாலு வரி வந்தது. கல் இடத்தில் இல்லையாம், நான் யோசிக்க வேண்டாமாம், ஆனால் அதை விட்டுவிட்டு இப்போதைக்கு வரமாட்டாராம்.

வராமல் இருந்தால் நான் யோசிக்காமல் என்ன செய்வேன்? கொழும்பான் வானில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன். விற்றது செல்லத்துரை அண்ணைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றையிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனில் பழஞ்சாமான் சந்தைகள் கூடும். நான் மகள் அபிராமியையும் இழுத்துக்கொண்டு அங்கே போய்க் கல் தேடத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். கொழும்பில் பங்களாவுக்குப் போன சாமான் கப்பலேறி இங்கே வராது என்று என்ன நிச்சயம்? புத்தர் தலைகள் கண்டேன். கோயில் தூண் துண்டுகள் கண்டேன். ஒருவர் எங்கள் ஆட்டுக்கல் ஒன்றைக் குழவி இல்லாமல் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் குருவி குளிக்கும் என்று ஒரு வெள்ளைக்காரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார். தோசைக்கு அரைக்கிற கல்லடா அது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லப் போனேன். அபி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். எங்கே போகிறோம், எதைத் தேடுகிறோம் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். சுமைதாங்கி என்றால் என்னவென்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. செத்த ஒருத்திக்காக வைத்த கல் என்றேன். அப்படியென்றால் கல்லறையா என்றாள். இல்லை, அதில் மீன் வைப்பார்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இவருக்குக் கட்டடம் கட்டுகிற இடம் ஒன்றில் வாசற்காவல் வேலை. அங்கே பெரிய மாடிக்கு அத்திவாரம் வெட்டும்போது பழைய காலத்து எலும்புகள் வந்துவிட்டன. உடனே வேலை நின்றது. கண்ணாடி போட்ட இளம் பிள்ளைகள் தூரிகையும் கரண்டியும் கொண்டுவந்து மாதக்கணக்கில் மண்ணைச் சுரண்டுகிறார்கள். கட்டுகிற முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறானாம். களவாக உலோகம் தேடுகிற கருவி கொண்டு வேலி பாய்கிறவர்களைக் கலைக்கிறதுதான் இவருடைய புது வேலை. அதைக் கேட்ட அன்றைக்கு நான் சமையலறையில் நின்று கத்தினேன். மடம் போயிற்று, கேணி போயிற்று, ஒரு மனுசர் நில் என்று சொல்லவில்லையே என்று. இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "இஞ்சை செத்தவனுக்கு இருக்கிற மரியாதை எங்கடை ஊரிலை உயிரோடை இருக்கிறவனுக்கு இல்லையப்பா. நீ கல்லுக்குப் போய்க் கத்திறாய்."

தொண்ணூற்றிரண்டில் அம்மாவுக்கு ஒருமுறை விசா எடுத்தேன். வரவில்லை, காலாவதியாயிற்று. இந்த வருசம், தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், கொஞ்சம் சண்டை ஓய்ந்திருந்தபோது, கொழும்பில் இருக்கும் என் தம்பி கண் ஒப்பரேசனுக்கு என்று சொல்லி அம்மாவைக் கிளாலிக் கடலால் படகேற்றிக் கொழும்புக்குக் கூப்பிட்டெடுத்தான். திரும்ப விசாவுக்குக் கொடுத்தோம். முந்தி எடுத்த விசாவில் ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்க, ஒரு கல் இருந்தது, அதனால் பயணப்படவில்லை என்று அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டார். மொழிபெயர்த்தவர் அதைப் பித்தப்பைக் கல் ஆக்கிவிட்டார். வைத்தியச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். தம்பி அம்மாவை ஸ்கான் எடுக்கக் கொண்டுபோனான். கல் ஏதும் இல்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அம்மா வெற்றிலை வாயோடு சிரித்தாராம், கல் இல்லை என்று இப்போது வெள்ளைக்காரருக்கும் தெரிந்துபோயிற்று என்று.

விசா வந்தது. ஆச்சரியம், இந்த முறை அம்மா மறு பேச்சில்லாமல் விமானம் ஏறினார்.

5

வந்து இரண்டு மாதமாக அம்மா கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. சித்திரையில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. அம்மா காலையில் எழும்பி, யன்னலால் மழையைப் பார்த்து, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, தமிழ் வானொலியில் செய்தி கேட்பார். எங்கள் ஊர்ப்பக்கமான வடமராட்சி என்ற சொல் வந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். என்ன பகுதி, எந்தக் குறிச்சி என்று காது கொடுப்பார். பிறகு வெங்காயம் உரிக்கத் தொடங்குவார்.

நான்தான் விடவில்லை. கறி கிளறிக்கொண்டே செல்லத்துரை அண்ணையை ஏசுவேன். கொழும்பில் கடை எரித்தவனை ஒன்றும் செய்ய முடியாமல் செத்தவளின் கல்லில் கைவைத்த ஆள் என்பேன். எத்தனைக்கு விற்றானோ, அந்தக் காசு அவனுக்கு உடம்பில் ஒட்டாது என்பேன். அம்மா கேட்டும் கேளாதவர்போல உப்புப் போட்டாயா என்பார். எனக்கு இன்னும் கோபம் வரும். தன் சொந்தக் கல்லுக்காக ஐந்து வருசம் என்னைத் தவிக்கவிட்ட மனுசி, இப்போது உப்பைப்பற்றிக் கேட்கிறாரே என்று.

அபியும் அம்மாவும் கதைப்பது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லுவாள். அம்மா ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தமிழில் வேறேதோ சொல்லுவார். இருவரும் திருப்தியாக எழும்பிப் போவார்கள்.

6

போன சனிக்கிழமை அம்மாவுக்கு அந்தப் பலகையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளதைச் சொன்னால், காட்டுவதற்கு மட்டும் அல்ல. அதைப் பார்த்தாவது வாயைத் திறக்கட்டும் என்று.

அம்மா வெளியே புறப்பட்டால் ஒரு பை சுமந்துதான் வருவார். தண்ணீர்ப் போத்தல், கம்பளிச்சட்டை, புட்டு, வாழைப்பழம், அபிக்கு என்று ஒரு பிஸ்கட் பெட்டி. எங்கேயாவது பஸ் நின்று போனால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கிற அளவுக்குச் சாமான். தா என்று கேட்டால் தரமாட்டார். பூங்காக் கரையால் நடந்து வந்தோம். நான் ஒன்றும் சொல்லாமல் பலகைக்கு முன்னால் நின்றேன். அம்மா அதைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு, ஊரில் தெருவில் நடக்கிறவர் மாதிரி, பையைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டார்.

"உது ஆருக்காம் வைச்சது?" என்று கேட்டார். "எந்தப் பிள்ளைத்தாச்சிக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லையம்மா. மூட்டை சுமக்கிற ஆக்களுக்காக வைச்சதாம்."

"ஒருத்தியும் சாகாமலோ வைச்சவை?" அம்மாவுக்கு உண்மையாகவே வியப்பு. பலகையைத் திரும்பத் தொட்டார். "அப்ப நல்ல மனிசர்தான்."

எனக்கு அந்த இடத்தில் பொங்கிவிட்டது. பாருங்கோ அம்மா, ஒரு மரப்பலகையை எப்படி வைத்துக் காப்பாற்றுகிறார்கள், எங்கள் பெரியம்மாவின் கல்லை அந்தச் செல்லத்துரை அண்ணை விற்றுத் தின்றாரே என்று தொடங்கினேன். தெருவென்றும் பார்க்கவில்லை. அபி பூங்கா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் விக்கேல்லை," என்றார் அம்மா. "நான்தான் குடுத்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதைபோல் சொல்லத் தொடங்கினார்.

தொண்ணூறில் விமானம் வந்து குண்டு போடத் தொடங்கியபோது எல்லோரும் வளவுக்குள் பதுங்க ஒரு பங்கர்க் கிடங்கு வெட்டினார்கள். மேலே மூடப் பனங்குற்றி வேண்டும். அகப்பட்ட பனையெல்லாம் தறித்து முடிந்துவிட்டது. சீமெந்தை அரசாங்கம் ஊருக்குள் வர விடாது. செல்லத்துரை அண்ணையின் மகன் முந்தின வருசம்தான் கலியாணம் முடித்திருந்தான். மருமகளுக்கு நிறைமாதம். கிடங்கு வெட்டியாயிற்று, மூடி இல்லை. மேலே தகரத்தைப் போட்டு மண்மூட்டை வைத்திருந்தார்கள். ஒரு நாள் பக்கத்து வளவில் விழுந்த அதிர்ச்சிக்கே தகரம் மடிந்து மண் உள்ளே கொட்டுண்டது. அந்த மருமகளை வயிற்றோடு இழுத்து எடுத்தார்களாம். அம்மா ஓடிப்போய்ப் பார்த்தவர் அப்படியே திரும்பி நடந்து தெருவுக்கு வந்து, கல்லடியில் நின்று, ஆட்களைக் கூப்பிட்டார்.

அந்தக் கல்லை எடுக்க மாட்டேன் என்று நின்றது செல்லத்துரை அண்ணைதான்.

"அவன் என்ரை காலிலை விழாத குறை," என்றார் அம்மா. "வயித்துப் பாரத்தோடை செத்தவளின்ரை கல்லை வயித்துப் பாரத்தோடை இருக்கிறவளின்ரை தலைக்கு மேலை வைக்கிறதோ சின்னம்மா, துடக்குத் தீட்டல்லோ, என்ரை குடி அழிஞ்சுபோகும் எண்டு அழுதான். நான் சொன்னன், அந்தப் பாரம் என்னெண்டு அக்காவுக்குத்தான் தெரியும். அவள் விழவிடமாட்டாள், தூக்கடா எண்டு."

எட்டுப்பத்துப் பேர் வடம் போட்டு இழுத்துக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த கிழமை அந்தப் பிள்ளைக்கு வலி வந்தபோதும் மேலே விமானம். மருத்துவிச்சியை உள்ளே இறக்கினார்கள். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

"பிறகு சண்டை ஓயத் திருப்பி நிமித்துவம் எண்டுதான் காத்துக்கொண்டு இருந்தனான்," என்றார் அம்மா. "போன வருசம் ஒருக்கா ஆக்களையும் கூட்டிக்கொண்டு எடுக்கப் போனன். போன நேரம் குண்டு போடுற பொம்மர் வந்திட்டுது. நானும் உள்ளுக்குப் பாய்ஞ்சன். அதுக்குள்ளை ஒழுங்கைச் சனம் எல்லாம் நெருக்கியடிச்சுக்கொண்டு இருக்கு. மேலை பாக்கிறன், அக்காவின்ரை பேர் வெட்டின பக்கம் கீழை பாத்தபடி கிடக்கு. அந்தச் சின்னன் என்ரை மடியிலை மல்லாக்கப் படுத்துக்கொண்டு விரலை நீட்டி, வள்ளிப்பிள்ளை எண்டு எழுத்துக்கூட்டுது. அது எழுத்துப் படிச்சதே உதிலைதானாம். எப்பிடியடி பிள்ளை நான் அதைக் கழட்டுறது? விட்டிட்டு வந்தன். அது நிக்கவேண்டிய இடத்திலைதான் நிக்குது எண்டு மனம் ஆறிப்போச்சு. அதாலைதான் இந்த முறை வந்தனான்."

"ஏனம்மா எனக்கு ஒரு சொல் எழுதேல்லை?"

"எழுதினால் நீ கத்துவாய்."

பஸ்கள் வந்து வந்து போயின. ஐந்து வருசமாக லண்டன் சந்தையெல்லாம் நான் தேடித் திரிந்த கல், கரவெட்டியில் மண்ணுக்குக் கீழே சனத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏசின வாயால் இனி என்ன சொல்லுவது? வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டி என்ன சொன்னார் என்று அபி கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கல்லை, கிடங்கை, குண்டை, அந்தச் சின்னப்பிள்ளையை எல்லாம் சொன்னேன். அவள் வழக்கம்போல் இடையில் வெட்டாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். அந்தக் கல் இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று. ஓம் என்றேன். வடமராட்சியில் ஷெல் குண்டு விழுகிறதென்று காலையில் வானொலி சொன்ன செய்தி எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மா கோப்பையைக் கீழே வைத்ததை அவளும் பார்த்தாள். தன் முதுகுப் பையைக் கழற்றி, அம்மாவின் பைக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தாள்.

எங்கள் பஸ் வந்தது. நான் பையை எடுக்கக் கை நீட்டினேன். பொறு, ஒரு பஸ் போகட்டும் என்றார் அம்மா. போகவிட்டோம். அடுத்தது வந்தபோது அம்மா தானே பையை இறக்கிக் கையில் மாட்டிக்கொண்டு, கதவுப்பலகை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல் அந்தப் பலகையை விரல்மொளியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பலகைதான்," என்றார். "ஆனா ஷெல்லுக்கு நிக்காது."